கொங்குப் பட்டறைகளில் கடின எஃகும் துப்பாக்கிப் பாகங்களும்

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர், குறிச்சி ஆகிய பகுதிகளில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒன்றிரண்டு லேத்துகளை வைத்துக்கொண்டு கூலிக்கு வேலை செய்யும் சிறு பட்டறைகள் நிறைய உண்டு. பம்பு, மோட்டார், நூற்பாலை எந்திரம், வாகனம் எனப் பல தொழில்களுக்கு வேண்டிய எஃகுப் பாகங்கள் இங்கே கடையப்பட்டு, கடினப்படுத்தப்பட்டு, சாணை பிடிக்கப்படுகின்றன. துப்பாக்கிப் பாகத்தைச் செய்வதற்கு வேண்டிய எந்திரமும் கைத்திறனும் இதே வகையைச் சேர்ந்தவைதான். ஆனாலும் கொங்கு நாட்டின் எந்திரத் தொழில் துப்பாக்கியைத் தொடாமலேயே வளர்ந்தது. இரும்பு உருக்கிய பழமையும் போர்க்கருவி செய்த மரபும் உள்ள ஒரு பகுதியில் இப்படி நேர்ந்ததற்குச் சட்டமும் அரசியலும் காரணங்கள். இருபத்தோராம் நூற்றாண்டில் பாதுகாப்புத் துறை தனியாருக்குத் திறக்கப்பட்ட பிறகே இந்தப் பிரிவு மாறத் தொடங்கியது.

உலையும் துவைச்சலும்

ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்கு அருகில், நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற பெயரில் குறிக்கப்படும் ஊர். 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் மணிக்கல் தொழிலின் தடயங்களுடன் இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்யப் பயன்பட்ட மூசைகளின் எச்சங்களும் கிடைத்தன. இரும்புடன் கரிப்பொருளைச் சேர்த்து மூடிய மூசையில் நெடுநேரம் சூடேற்றினால், இரும்பு கரியை ஏற்றுக்கொண்டு எஃகாகிறது. ஐரோப்பியர் பின்னாளில் ‘ஊட்ஸ்’ என்று அழைத்த தென்னிந்திய எஃகு இவ்வகையைச் சேர்ந்தது. உருக்கு என்ற சொல்லின் தென்னிந்திய வடிவங்களில் ஒன்றே அப்படித் திரிந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். சங்க இலக்கியத்தில் எஃகு என்ற சொல் உலோகத்தை மட்டுமல்லாமல் வேலையும் படைக்கலத்தையும் குறிக்கிறது. பொருளுக்கும் அதிலிருந்து செய்த கருவிக்கும் ஒரே பெயர் வழங்கிய காலம் அது.

எஃகைச் செய்வது ஒரு திறன் என்றால், அதைக் கடினப்படுத்துவது மற்றொரு திறன். கொல்லர்கள் இதைத் துவைச்சல் என்பார்கள். செந்நிறமாகக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ திடீரென்று தோய்த்தால் அது கண்ணாடிபோலக் கடினமாகும், கூடவே உடையும் தன்மையும் வரும். பிறகு இளஞ்சூட்டில் மீண்டும் காய்ச்சினால் கடினத்தில் ஒரு பங்கு குறைந்து, முறியாமல் தாங்கும் உறுதி கிடைக்கும். அரிவாளின் வாய்ப்பகுதி மட்டும் கடினமாகவும் முதுகு நெகிழ்வாகவும் இருக்க வேண்டும் என்பதைக் கொல்லர் சூட்டின் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்தார். வெப்பமானி இல்லாத காலத்தில் இது கண்ணால் கற்ற அறிவு. உலையின் அருகே நின்று பார்த்தாலொழிய யாருக்கும் கைவராது.

பிரான்சிஸ் புக்கானன் 1800–1801-இல் மைசூர், கொங்கு, மலபார் பகுதிகளில் பயணம் செய்தபோது ஊர்ப்புற இரும்பு உலைகளைப் பார்த்து விரிவாக எழுதிவைத்தார். சேலம் கஞ்சமலையின் காந்தக் கல்லை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேய முறை இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். விறகுக்கரிச் செலவு, தூரம், இங்கிலாந்து இரும்பின் மலிவு ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அது நொடித்தது. ஊர்ப்புற உலைகளும் இறக்குமதி இரும்பு வந்ததும் ஒவ்வொன்றாக அணைந்தன. கொல்லர் தொழில் மட்டும் ஏர்க்கொழு, கடப்பாறை, கொடுவாள் என்று உழவை ஒட்டித் தொடர்ந்தது.

படைக்கலம் பறிக்கப்பட்ட காலம்

கொல்லுப்பட்டறையும் படைக்கலமும் பிரிந்த கதைக்கு 1800-ஆம் ஆண்டை ஒட்டிய நிகழ்வுகள் முக்கியமானவை. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. 1800 ஜூன் 3-இல் கோயம்புத்தூர்ப் படைமுகாமைத் தாக்கக் கிளர்ச்சியாளர் வகுத்த திட்டம் தோல்வியில் முடிந்தது, பலர் தூக்கிலிடப்பட்டனர். ஓடாநிலையில் கோட்டை அமைத்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஓடாநிலையில் பிரெஞ்சுக்காரர் உதவியுடன் பீரங்கிகள் செய்யப்பட்டன என்பது கொங்கு வட்டாரத்தில் வழங்கும் செய்தி.

தென்பாளையங்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்பு, 1801 டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிக்கையை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. துப்பாக்கியும் வேலும் வைத்திருப்பது கடுங்குற்றமானது. அதே 1801-இல்தான் கல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் கம்பெனி தன் பீரங்கி வண்டித் தொழிலகத்தை நிறுவியது. இன்றைய இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகளின் வரலாறு அங்கிருந்தே தொடங்குவதாகக் கணக்கிடப்படுகிறது. தெற்கில் ஆயுதம் பறிக்கப்பட்டதும் வடக்கில் அரசின் ஆயுதச் சாலை எழுந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. இது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அடுத்த இரு நூற்றாண்டுகளின் போக்கு அதில் தெரிகிறது. ஆயுதம் செய்வது அரசின் வேலை, பிறர் செய்தால் குற்றம்.

1878-இன் இந்திய ஆயுதச் சட்டம் இதை நாடு முழுவதற்கும் முறைப்படுத்தியது. இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. கொங்கு நாட்டின் மேற்கு எல்லையில், குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1904-இல் கார்டைட் தொழிற்சாலை எழுந்தபோதும் நிலைமை மாறவில்லை. துப்பாக்கிக் குண்டை உந்தும் வெடிமருந்து மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையில் உருவானது. துப்பாக்கியோ வங்காளத்து ஈசாப்பூரில் உருவானது. கீழே சமவெளியில் இருந்த பட்டறைகளுக்கு இரண்டிலும் பங்கு கிடையாது.

பீகாரின் முங்கேர் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. வங்காள நவாப் மீர் காசிம் 1760-களில் அங்கே ஆயுதச் சாலை அமைத்தார். அவர் வீழ்ந்த பிறகும் கைவினைஞர் குடும்பங்கள் துப்பாக்கித் தொழிலை விடவில்லை. பின்னாளில் உரிமம் பெற்ற சிறு கூடங்கள் அங்கே வந்தன, அவற்றின் நிழலில் கள்ளத் துப்பாக்கித் தொழிலும் வளர்ந்தது. கொங்கில் அப்படி ஒரு தொடர்ச்சி இல்லை. கைத்திறன் வேறு வாடிக்கையாளரைத் தேடிப் போனது.

துப்பாக்கி பெற்ற எந்திரங்கள்

உலகின் பிற பகுதிகளில் எந்திரத் தொழிலின் வளர்ச்சி பெரும்பாலும் ஆயுதத்திலிருந்து தொடங்கியது. பீரங்கிக் குழலைத் துல்லியமாகத் துளைக்க இங்கிலாந்தின் ஜான் வில்கின்சன் 1774-இல் உருவாக்கிய எந்திரமே ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்கு உருளை கடையக் கைகொடுத்தது. அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையில் 1820-களில் ஜான் ஹால் என்பவர், ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் மாட்டும் அளவுக்கு ஒரே சீரான பாகங்களைச் செய்துகாட்டினார். மில்லிங் எந்திரமும் அளவுக் கட்டைகளும் அந்தத் தேவையில் செம்மைப்பட்டு, பிறகு தையல் எந்திரம், மிதிவண்டி, தட்டச்சுப் பொறி ஆகியவற்றுக்குப் பரவின. தட்டச்சுப் பொறியை 1873-இல் முதன்முதலில் பெருமளவில் தயாரிக்க முன்வந்த ரெமிங்டன் ஒரு துப்பாக்கி நிறுவனம். 1955 முதல் சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் பெயரும் பீரங்கிச் சின்னமும், அதன் ஆங்கிலேய மூல நிறுவனம் என்ஃபீல்டு ஆயுதச் சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த உறவிலிருந்து வந்தவை.

கோயம்புத்தூர் இந்தப் பாதையில் எதிர்த்திசையில் நடந்த நகரம். இங்கே முதலில் வந்தது பஞ்சு; அதற்குப் பின் நூற்பாலை, பம்பு, மோட்டார், லேத். துப்பாக்கி கடைசியாக வந்தது, அதுவும் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும்.

நூற்பாலையும் கடின எஃகும்

1888-இல் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் ஆலையிலிருந்து நகரின் நூற்பாலை வரலாறு தொடங்குகிறது. 1910-இல் லட்சுமி மில் நிறுவப்பட்டது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியதும் ஆலைகள் வேகமாகப் பெருகின.

நூற்பாலையின் ரிங் ஃபிரேம் எந்திரம் கடின எஃகின் அருமையைக் கோயம்புத்தூருக்குக் கற்றுக்கொடுத்தது எனலாம். ஒவ்வொரு எந்திரத்திலும் நூற்றுக்கணக்கான கதிர்கள் நிமிடத்துக்குப் பத்தாயிரம், அதற்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழல்கின்றன. கதிரைச் சுற்றியுள்ள எஃகு வளையத்தின் மேல் டிராவலர் என்னும் சிறு கொக்கி நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எண்ணெய்ப் பூச்சுக்கு வழியில்லை, ஏனென்றால் நூலில் கறை படியும். ஆகவே வளையம் மிகக் கடினமாகவும் கண்ணாடி போல் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். டிராவலர் அதைவிடச் சற்று மெலிந்ததாக இருக்கும், தேய்வது அதுவாக இருக்கட்டும் என்பதற்காக. விலை குறைந்த பாகத்தைத் தேயவிட்டு விலை உயர்ந்ததைக் காப்பாற்றும் இந்த ஏற்பாட்டை ஆலைப் பொருத்துநர்கள் நன்கு அறிந்திருந்தனர். கதிரின் அடிமுனையும் அது நின்று சுழலும் குழிவும் கடினப்படுத்தப்பட்டவை. நேர்கோட்டிலிருந்து தலைமுடி அளவு விலகினாலும் கதிர் அதிரும், நூல் அறும்.

இந்தப் பாகங்கள் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் வரத்து குறைந்து, இங்கிலாந்தின் தொழிற்சாலைகள் போர்த்தளவாட உற்பத்திக்குத் திரும்பியபோது உதிரிப் பாகத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பழுதுபார்ப்பு வேலை செய்த உள்ளூர்ப் பட்டறைகளுக்கு அது வாய்ப்பானது. இதற்கான அடித்தளம் முன்பே விழுந்திருந்தது. 1926-இல் உருவான பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடத்தில் பம்பும் மோட்டாரும் லேத்தும் தயாராயின. மாணவர்கள் அங்கேயே தொழில் பழகினர். பி.எஸ்.ஜி. லேத் என்பது பின்னர்த் தமிழகப் பட்டறைகளில் வழக்குப் பெயராயிற்று. 1937-இல் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் ஆகியோரின் முயற்சியில் உள்நாட்டு மின்மோட்டார் வெளிவந்தது. பாலசுந்தரம் நிறுவிய டெக்ஸ்டூல், நூற்பாலை எந்திரங்களிலும் பின்னர் எந்திரக் கருவிகளிலும் பெயர் பெற்றது. நாயுடுவின் ‘ரேசன்ட்’ மின்சவரக் கருவியும் அலகு சார்ந்த முயற்சியே. மெல்லிய எஃகைக் கூர் மழுங்காமல் கடினப்படுத்தும் வேலையில் அரிவாளின் பழைய சிக்கல் மிகச் சிறிய அளவில் மீண்டும் வருகிறது. 1945-இல் அவர் முன்னின்று தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் முன்னோடி.

1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி நூற்பு எந்திரங்களை முழுமையாகவே செய்ய முற்பட்டதும், அதற்குப் பாகம் கடைந்து தரும் சிறு பட்டறைகளின் வட்டம் விரிந்தது. பெரிய ஆலையில் டர்னராக வேலை கற்றவர் சேமிப்பையும் நகைக் கடனையும் போட்டு ஒரு பழைய லேத்தை வாங்கி வீட்டோரத்தில் நிறுத்துவார். பழைய முதலாளியே முதல் வாடிக்கையாளர் ஆவார். கோயம்புத்தூர் மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா 1969-இல் உருவானது.

கடைவது முன்னா, கடினமாக்குவது முன்னா

சிறு பட்டறையில் கடின எஃகுப் பாகம் உருவாகும் முறையிலேயே அதன் வரலாறும் இருக்கிறது. வழக்கமான வரிசை மூன்று படிகள் கொண்டது. எஃகை மென்மையான நிலையில் கடைந்து வடிவம் தருவது முதல் படி. அடுத்து ‘ஹீட் ட்ரீட்மெண்ட்’ கூடத்துக்கு அனுப்பிக் கடினப்படுத்துவது. அப்போது பாகம் சற்று வளையும், அளவு மாறும். அதற்காக விட்டுவைத்த மிகையைச் சாணை எந்திரத்தில் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவருவது மூன்றாம் படி. கோயம்புத்தூரில் இம்மூன்றும் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு கூடங்களில் நடக்கின்றன. பாகங்கள் மொபெட்டிலும் ஆட்டோவிலும் ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குப் பயணம் செய்கின்றன. ஒரு தொழிற்சாலை முழுவதையும் ஊரின் மேல் பரப்பி வைத்தது போன்ற அமைப்பு இது. கொல்லர் ஒருவரே தன் உலையில் செய்த வேலை இப்படிப் பல கைகளுக்குப் பிரிந்துவிட்டது. சூட்டின் நிறத்தைப் பார்த்த கண்ணின் இடத்தில் வெப்பமானியும் ராக்வெல் கடினச் சோதனைக் கருவியும் வந்தன.

வெட்டும் கருவிகளின் மாற்றமே இந்த வரிசையை அசைத்தது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்காவின் டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய அதிவேக எஃகுக் கருவி, முனை செஞ்சூடேறியும் மழுங்காமல் வெட்டிப் பார்வையாளரை வியக்கவைத்தது. 1920-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் டங்ஸ்டன் கார்பைடு முனைகளை ‘விடியா’ என்ற பெயரில் விற்றது. வைரத்தைப் போன்றது என்பதன் ஜெர்மன் சுருக்கம் அது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இன்றும் மூத்த டர்னர்கள் கார்பைடு முனையை விடியா என்று சொல்வதுண்டு. 1957-இல் அமெரிக்காவின் ராபர்ட் வென்டார்ஃப் செயற்கையாக உருவாக்கிய கனசதுர போரான் நைட்ரைடு, வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்டது. எஃகை வெட்டுவதில் வைரத்தைவிட ஏற்றது. ஏனெனில் உயர் சூட்டில் வைரத்தின் கரி இரும்பில் கரைந்துவிடும். இந்த முனைகள் வந்த பிறகு, ஏற்கெனவே கடினப்படுத்திய எஃகையே லேத்தில் நேரடியாகக் கடைய முடிந்தது. ஆனால் அதிராத, வலுவான எந்திரம் இருந்தால்தான் இது பலிக்கும். தேய்ந்த படுக்கை கொண்ட பழைய லேத்தில் விலை உயர்ந்த முனை நொடியில் சிதறும். ஆகவே இந்த முன்னேற்றம் சி.என்.சி. எந்திரம் வாங்க முடிந்தவர்களுக்கே முதலில் பயன்பட்டது. வீட்டோரப் பட்டறைகளில் பெரும்பாலானவை பழைய மூன்று படி வரிசையிலேயே நின்றன.

துப்பாக்கியின் இயங்கு பாகங்களுக்கும் இதே உலோகவியல் பொருந்தும். வேறுபாடு பிழையின் விளைவில் உள்ளது. நூற்பாலை வளையம் மென்மையாக அமைந்தால் சீக்கிரம் தேயும், ஆலைக்கு நட்டம். துப்பாக்கிப் பாகம் மிகக் கடினமாக அமைந்தால் வெடி அழுத்தத்தில் விரிசல் விட்டுச் சிதறும், மென்மையாக அமைந்தால் உருக்குலையும். இரண்டிலும் பாதிக்கப்படுவது சுடுபவரின் கண்ணும் கையும். இதனால்தான் பர்மிங்காமில் 1813-இல் துப்பாக்கிச் சோதனைச் சாலை நிறுவப்பட்டது. அளவுக்கு மீறிய மருந்திட்டுச் சுட்டுப்பார்த்து முத்திரை குத்தாத துப்பாக்கியை விற்கக் கூடாது என்பது அங்குச் சட்டம். எஃகின் உள்ளே இருக்கும் குறையை வெளிப்பார்வை காட்டாது. எஃகுக் கட்டியின் பிறப்புச் சான்று, வெப்பப் பதிவேடு, விரிசல் சோதனை, சுட்டுச் சோதனை என்ற சங்கிலி இல்லாமல் லேத்தில் பளபளப்பாகக் கடைந்த ஒரு பாகம் நம்பத்தக்கதாகிவிடாது.

உரிமமும் வரையறையும்

விடுதலைக்குப் பிறகும் ஆயுத உற்பத்தி அரசிடமே இருந்தது. 1956-இன் தொழிற்கொள்கைத் தீர்மானம் படைக்கலங்களை அரசுக்கே உரிய தொழில்களின் பட்டியலில் வைத்தது. 1959-இன் ஆயுதச் சட்டம் 1878-இன் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. இச்சட்டத்தின் வரையறையில் சிறு பட்டறைகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முழுத் துப்பாக்கி மட்டுமல்லாமல், அதன் பாகங்களும் அதைத் தயாரிப்பதற்கான எந்திரங்களும் ‘துப்பாக்கி’ என்ற சொல்லுக்குள் அடங்கும். உரிமம் இல்லாமல் தயாரிப்பது, விற்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதிப்பது ஆகிய அனைத்தும் குற்றம். 2019-இன் திருத்தம் சட்டவிரோதத் தயாரிப்புக்கான தண்டனையை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத, ஆயுள் வரை நீளக்கூடிய சிறையாக உயர்த்தியது. வீட்டு, வேளாண் பயன்பாட்டுக்கென்றே செய்த பொருள்களை மட்டும் சட்டம் விலக்கியுள்ளது.

கூலிப் பட்டறையின் நடைமுறை இதற்கு ஒத்துவருவதில்லை. வரைபடம் வருகிறது, விலை பேசப்படுகிறது, பாகம் போகிறது. எந்த எந்திரத்துக்கு, யாருக்கு என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. வாடிக்கையாளரின் தொழில் ரகசியத்தைக் கேட்பது மரியாதையும் அல்ல. பம்புக்கும் நூற்பாலைக்கும் இந்த வழக்கம் பொருந்தியது. கட்டுப்பாட்டுக்குரிய பாகங்கள் வரும்போது அதே வழக்கம் பட்டறைக்காரரைச் சிக்கலில் தள்ளக்கூடும்.

சட்டத்துக்கு வெளியே நடந்தவையும் இவ்வட்டாரத்தின் வரலாற்றில் உண்டு. ராஜீவ் காந்தி கொலைச் சதியை விசாரித்த ஜெயின் ஆணையம், தமிழீழ விடுதலைப் புலிகளின் தமிழகக் கட்டமைப்பை விவரிக்கும்போது, ஆயுதத் தயாரிப்புக்குப் பயன்பட்ட இடமாகக் கோயம்புத்தூரைக் குறிப்பிட்டது. கல்வராயன் மலை, கருமந்துறை போன்ற மலைப்பகுதிகளில் பயிரைக் காக்கவும் வேட்டைக்குமாக உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் நெடுங்காலம் புழங்கின. குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகை அவை. காவல்துறை அவ்வப்போது காலக்கெடு விதித்து, அவற்றைத் தாமாக ஒப்படைப்போர் மீது நடவடிக்கை இராது என்று அறிவித்துச் சேகரித்துவந்துள்ளது. 2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே நடந்த வாகனச் சோதனையில் இளைஞர்கள் சிலர் நாட்டுக் கைத்துப்பாக்கிகளுடன் பிடிபட்டனர். வாடகை வீடொன்றில் இணையக் காணொளிகளைப் பார்த்து அவர்கள் துப்பாக்கி செய்ய முயன்றனர் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. அந்த வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றப்பட்டது. வீட்டுப் பட்டறையில் துப்பாக்கி என்ற செய்தி கொங்கு வட்டாரத்தில் அண்மைக் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது இதை ஒட்டியே.

திரும்பி வந்த தொழில்

அரசின் தரப்பில் தமிழகத்துக்குத் துப்பாக்கித் தொழில் வந்தது 1966-இல், திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையின் தொடக்கத்துடன். சிறு படைக்கலங்களைச் செய்யும் இத்தொழிற்சாலையின் பெயரைத் ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ தாங்கி நிற்கிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மெண்ட் நிறுவனத்தின் கீழ் வந்தது.

2001-இல் பாதுகாப்பு உற்பத்தி தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2016-இன் ஆயுத விதிகள் தனியார் உற்பத்தி உரிமத்துக்கான நடைமுறையைப் புதிதாக வகுத்தன. 2019 ஜனவரி 20-இல் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஐந்து மையங்கள் உள்ளன. இவற்றுள் சேலமும் கோயம்புத்தூரும் கொங்கு நாட்டவை. கொடிசியா தன் பங்குக்குப் பாதுகாப்புத் துறைப் புத்தாக்க மையம் ஒன்றை அமைத்தது. எல் அண்டு டி நிறுவனம் கோயம்புத்தூரில் ஏவுகணைப் பாகங்களைச் செய்கிறது. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் விண்வெளி, வானூர்தித் துறைக்கெனத் தனிப் பிரிவு நடத்துகிறது.

வீட்டோரப் பட்டறைக்கு இந்த வாய்ப்பு எட்டுகிறதா என்பது வேறு கேள்வி. பாதுகாப்புப் பணிக்கு வேண்டிய தரச் சான்றிதழ், அளவுக் கருவிகள், ஒவ்வொரு கட்டிக்குமான பதிவேடு ஆகியவற்றின் செலவு ஒன்றிரண்டு லேத்து வைத்திருப்பவருக்குப் பெருஞ்சுமை. முதல் மாதிரிப் பாகம் ஏற்கப்படுவதற்கே மாதக்கணக்கில் ஆகும்; கொள்முதல் எண்ணிக்கையோ குறைவு. வாரக் கூலியில் ஓடும் பட்டறைக்கு அந்தக் காத்திருப்பு தாங்காது. 2022-இன் மின்கட்டண உயர்வுக்குப் பிறகு நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துச் சிறுதொழில் அமைப்புகள் 2023-இல் கதவடைப்புப் போராட்டம் நடத்தின. பம்புக்கும் நூற்பாலைக்கும் வந்த வேலை குறைந்த நாள்களில் பலர் எந்திரத்தை விற்றனர். ஆகவே பாதுகாப்புப் பணி பெரும்பாலும் நடுத்தர நிறுவனங்கள் வழியே வருகிறது. உரிமமும் சான்றும் அவற்றிடம் இருக்கும். கடைதல், சாணை போன்ற தனித்தனிப் படிகளில் சில, விதி அனுமதிக்கும் அளவுக்குச் சிறு கூடங்களுக்குப் பிரித்துத் தரப்படும். கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ உள்ள டர்னரின் கைக்கு வருவது ஒரு எண், ஒரு வரைபடம், ஒரு கடின அளவு. பாகத்தின் பெயர் அதில் இருப்பதில்லை.